ஆறு மணிச் சீட்டு

1

எழுபத்திரண்டு மணி நேரம். வெட்டிப் போட்ட புல்லைப் புரட்டி, காயவைத்து, கொட்டகைக்குள் ஏற்ற எங்கள் பள்ளத்தாக்கில் அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் ஒரு தூறல்கூட விழக்கூடாது.

இந்தக் கதை எனக்கு ஒலிபெருக்கியிலிருந்து கிடைத்தது. என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே உள்ள கம்பத்தில் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஸ்லோவாக்கியாவின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் முதலில் ஒரு போல்கா நடனப் பாட்டு, பிறகு ஊராட்சி அறிவிப்பு. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, கையில் ஈரத் துண்டோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் கேட்டதில் ஒரு விஷயத்தை இப்போது உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஏமாற்றுவதற்காக அல்ல. ஊருக்கும் அது ஒரு வருடம் தெரியாமல்தான் இருந்தது. நீங்கள் நாலைந்து நிமிடம் பொறுக்கலாம்.

2

முதலில் எழுதிய தொடக்கங்கள்:

மலைகளின் மேல் மேகங்கள் மெல்ல

(விட்டுவிட்டேன். மேகம் வேறு எங்கே இருக்கும்?)

தரினாவுக்குச் சிறு வயதிலிருந்தே வானத்தின் மீது ஒரு

(பொய். அவளுக்கு வானத்தின் மீது ஒன்றும் இல்லை. காற்றழுத்தமானியின் மீதுதான்.)

அதனால் நேராகவே சொல்கிறேன். தரினா ஊராட்சி அலுவலக எழுத்தர். வயது முப்பத்தொன்று. தினமும் காலை ஏழு மணிக்கு அலுவலகத்தின் பின்னால் வெப்பம், அழுத்தம், மழை மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுவாள். வானொலி சொல்லும் வானிலை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள நகரத்துக்கானது. அங்கே வெயில் அடிக்கும்போது இங்கே கொட்டும். அதனால் எங்கள் பக்கத்துக்கான வானிலையை அவளே கணித்து ஒரு சீட்டில் எழுதித் தருவாள். ஆறு மணிக்கு ஊர்த் தலைவர் ஓட்டோ அதைப் படிப்பார். தரினா ஒலிவாங்கிப் பக்கமே போனதில்லை. தொலைபேசியில் பேசுவதென்றாலே அவளுக்குக் கழுத்து சிவந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் புல்வெளிகள் நாடா போன்றவை. ஒவ்வொருவருக்கும் சரிவில் மேலிருந்து கீழ் வரை ஒரு கீற்று. நடுவில் பாதை கிடையாது. உன் கீற்றுக்கு டிராக்டர் போக வேண்டுமென்றால் என் கீற்றில் புல் நிற்கக்கூடாது. அதனால் முதல் அறுப்பை ஊரே ஒரே நாளில் தொடங்கும். ஒருவர் மறுத்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

போன வருடம் ஓட்டோ மூன்று நாள் மழை இல்லை என்று படித்தார். ஊரே வெட்டியது. மூன்றாம் நாள் மாலை இடியோடு மழை பிடித்துக்கொண்டது. புல் கறுத்து, பூசணம் பிடித்து, மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. ஒன்பது மாடு வைத்திருந்த வெந்தெலின் குளிர்காலத்தில் இரண்டை விற்றார்.

அன்றிலிருந்து சீட்டு என்ன சொன்னாலும் ஊர் சிரித்தது.

3

மளிகைக் கடைக் காட்சி. இதை மூன்று முறை எழுதினேன். இரண்டு வடிவங்களில் வெந்தெலினை வில்லனாக்கியிருந்தேன். சரிப்படவில்லை. தரினாவைக் கேலி செய்யாமல் அவரால் ஒரு நாளும் இருக்க முடியாது. ஆனால் குளிர்காலம் முழுக்க அவளுடைய மழைமானியைச் சுற்றி விழுந்த பனியை வாரி அப்புறப்படுத்தியதும் அவர்தான். ஏன் என்று கேட்டதற்கு, கருவி என்ன பாவம் செய்தது என்றாராம். இப்படிப்பட்ட ஆளை வில்லனாக்க எனக்கு வரவில்லை.

வியாழன் காலை. தரினா ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறாள். பின்னால் வெந்தெலின்.

"இன்னைக்கு என்னம்மா எழுதப்போற? வெயில்னு எழுது. நான் போய் ரப்பர் பூட்ஸைத் தேடி எடுக்கிறேன்."

வரிசை சிரித்தது. கல்லாவில் இருந்த விலாஸ்தா, அது ரொட்டி வாங்க வந்திருக்கு, விடுங்க என்றாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

"மாமா, நாளைக்கு ஆரம்பிக்கலேன்னா புல்லு முத்திடும்." தரினா ரொட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"முத்தட்டுமே. நனைஞ்ச புல்லுக்கு முத்தின புல்லு தேவலை. ஏழு மாடு இருக்கு. ஆறாக்க வேண்டாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெந்தெலின் வெட்டவில்லை என்றால் சரிவு முழுக்க அப்படியே நிற்கும். தரினா மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியே போனாள். (விலாஸ்தா அதை ஒரு டப்பாவில் போட்டு அவள் பெயரை எழுதி வைத்தாள். கதைக்கு இது தேவையில்லை. எனக்குப் பிடித்திருந்தது.)

4

உங்களிடம் நான் மறைக்கும் விஷயம் தரினாவுக்குத் தெரியும். ஒரு வருடம் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவள் இடத்தில் நான் இருந்தால் கத்தியிருப்பேன் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நானும் கத்தியிருக்க மாட்டேன்.

அவளிடமே கேட்டேன். போன வருடம் அந்த மழைக்கு மறுநாள் காலை, ஓட்டோ தன் மனைவி செய்த கசகசா பூரணம் வைத்த ரொட்டி ரோலை அவள் மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாராம். வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். அவள் ரோலைத் தின்றுவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள். "தின்னுட்டு எப்படிச் சண்டை போடுறது?"

5

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

அ. யாரும் வெட்டவில்லை. மூன்று நாள் நல்ல வெயில் வீணாகப் போகிறது. (அப்படியே நடந்திருக்கக்கூடும். என்னால் தாங்க முடியவில்லை.)

ஆ. தரினா ஓட்டோவிடமிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி ஊருக்கே உரை நிகழ்த்துகிறாள். (இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தேன். அதில் பேசியது யாரென்று தெரியவில்லை, தரினா இல்லை.)

இ. நடந்தது. இதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் மழை வந்ததா, புல் காய்ந்ததா என்பதை எழுதமாட்டேன். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் சொல்கிறேன்: அன்று மாலை ஏழு மணிக்குத் தெரு முழுக்கப் புல் அறுக்கும் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. முதலில் தொடங்கியது யார் வீட்டில் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். நான் வெந்தெலின் வீடு என்று நினைக்கிறேன்.

6

மாலை ஐந்து ஐம்பது. காற்றழுத்தம் காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது, வெயிலுக்கு அறிகுறி. தரினா சீட்டை எழுதினாள். மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தாள். தலைவர் அறைக்குப் போய்க் கொடுத்தாள்.

(அறைக்குள் நடந்ததை அவள்தான் சொன்னாள். அவளுடைய கழுத்து எவ்வளவு சிவந்தது என்பது மட்டும் என் சேர்க்கை.)

வழக்கமாகக் கொடுத்ததும் போய்விடுவாள். அன்று போகவில்லை.

"வேற ஏதாவதாம்மா?" என்றார் ஓட்டோ.

"இல்ல தலைவரே. நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கயே நிக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சாட்டவில்லை. கதவருகே, குடை மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பொறுத்தவரை அது சிகரம் ஏறியதற்குச் சமம்.

ஓட்டோ சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போல்கா ஓடி முடிந்தது. வழக்கமாகப் பாட்டு நின்றதும் தொடங்கிவிடுவார். அன்று ஒலிபெருக்கியில் வெறும் மூச்சுச் சத்தம் வந்தது. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று நான் ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டில் விலாஸ்தாவும் திறந்தாள். தெருவில் வெந்தெலின் பால் கேனோடு நின்றுவிட்டார்.

"ஊர் மக்களுக்கு வணக்கம். நாளைக் காலை ஆறு மணியிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் மழை இல்லை."

வெந்தெலின் கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார். கேனைத் தூக்கினார்.

"ரெண்டாவது வரி இருக்கு," என்றது ஒலிபெருக்கி. படிக்கும் குரல் அல்ல. வீட்டில் பேசும் குரல். "அதுக்கப்புறம் என்ன ஆகும்னு தனக்குத் தெரியாதுன்னு தரினா எழுதியிருக்கா."

மறுபடி மூச்சு. வெந்தெலின் கேனைக் கீழே வைத்தார்.

"போன வருஷச் சீட்டுலயும் ரெண்டாவது வரி இருந்துச்சுங்க. ஆனா மூணாம் நாள் சாயங்காலம் இடிமழை வரும், காய்ஞ்ச வரைக்கும் அஞ்சு மணிக்குள்ள ஏத்திடுங்கன்னு எழுதியிருந்தா. வாசல்ல கோழி விக்கிறவன் தன் அறிவிப்பைச் சொல்லச் சொல்லி ஹாரன் அடிச்சிட்டிருந்தான். நல்ல சேதியோட முடிச்சிடலாமேன்னு எனக்கும் தோணுச்சு. அவ சரியாத்தான் எழுதிக் குடுத்தா. நான்தான் படிக்கல."