எழும்ப விடோணும்

இப்பத்தைய சனத்துக்குச் சும்மா ஒண்டும் செய்யத் தெரியாது. நடக்கப் போனாலும் எத்தினை அடி நடந்தம் எண்டு கையிலை கட்டின மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து நடக்குதுகள். கோலம் போட்டால் அதுக்கும் பரிசு வேணும். இளசுகளை விடுங்கோ. எழுபது தாண்டின மரியரட்ணமும் அப்பிடி மாறுவான் எண்டு நான் நினைக்கேல்லை.

அவன் மயிலிட்டியிலை வள்ளம் விட்டவன். இடம்பெயர்ந்து வந்து, நீர்வேலியிலை என்ரை வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்து வளவிலை இருந்திட்டான். போன வருசம் கனடாவிலை இருந்து வந்த அவன்ரை மகள் வினோஜா, பிள்ளையள் விளையாடின கேம் பெட்டியை விட்டிட்டுப் போயிட்டாள். ரீவியிலை இரண்டு பேர் அடிபடுற விளையாட்டு. மத்தியான வெயிலுக்கை தோட்டத்திலை நிக்கேலாது எண்டு நானும் அங்கை போய், கண்டபடி பட்டனை அமத்துவன். ரீவிக்குள்ளை எனக்கு ஒரு பெருவயிறன், அவனுக்குத் தடியோடை ஒரு ஒல்லியன். எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது: விழுந்தவன் எழும்பும் வரைக்கும் மற்றவன் தொடப்படாது. விழுந்து கிடக்கேக்கைதான் பகிடியும் ஏச்சும்.

"எழும்படா சோமு, வெட்டின வாழைக்குலை மாதிரிக் கிடக்கிறாய்!" எண்டு கத்துவான்.

சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இருமல் வந்திடும். மனிசி செத்தாப் பிறகு நான் சிரிச்சது அங்கைதான்.

அச்சுவேலியிலை போன் கடை வச்சிருக்கிற கஜீபன் ஒருநாள் வந்து பாத்திட்டு, "ஐயா, உங்கடை கை நல்லா ஓடுது. எங்கடை கேம் கிளப் போட்டிக்கு வாங்கோவன்" எண்டு அவனிலை நெருப்பைப் பத்த வச்சிட்டான். அண்டையோடை மரியரட்ணம் தனியப் பழகத் துவங்கினான். என்ரை பெருவயிறன் விழுந்து முழங்காலிலை எழும்பேக்கையே காலிலை ஒரு அடி. திரும்ப விழுவான். திரும்ப அடி.

"எழும்ப விடன்டா!"

"போட்டியிலை ஆர் விடுறான்?" ரீவியிலை இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். பகிடி இல்லை, ஏச்சு இல்லை.

எனக்கு ஒரு இடத்திலை இருப்புக் கொள்ளேல்லை. வாழைக்குத் தண்ணி திறந்து விட்டிட்டு மறந்து போவன். அவன்ரை படலை மட்டும் போய்த் திரும்பி வருவன். போட்டியிலை வடிவாத் தோத்தானெண்டால் பழையபடி வந்திடுவான், அதைப் பாப்பம் எண்டுதான் நானும் அச்சுவேலிக்குச் சைக்கிள் மிதிச்சன்.

மண்டபம் நிறையப் பெடியள். அவனுக்கு எதிரா இருந்தது தாரிகா எண்ட கம்பசிலை படிக்கிற பிள்ளை. துவங்கின உடனை அவன்ரை ஒல்லியன் விழுந்தான். எழும்பேக்கை அடி, திரும்ப விழுந்தான். பிறகும் அப்பிடித்தான். நான் வந்தது அதுக்குத்தான், எண்டாலும் பாத்துக்கொண்டிருக்க முடியேல்லை.

"பிள்ளை, அந்தாள் எழும்பட்டும்!" எண்டு கத்திப்போட்டன்.

மண்டபமே சிரிச்சுது. மரியரட்ணம் திரும்பினான். "சோமு, வாயை மூடு."

அதுக்குள்ளை ஆட்டம் முடிஞ்சு போச்சு. முகம் கறுத்திருக்கும் எண்டு பாத்தன். அவன் கதிரையை அந்தப் பிள்ளைக்குக் கிட்ட இழுத்து, "அந்தக் கடைசி அடியை எப்பிடிப் பிள்ளை தடுக்கிறது? ஒருக்காக் காட்டு" எண்டான். முதல் வலையிலையே மீன் பட்டவன் மாதிரி முகம்.

நான் வெளியிலை வந்து நிண்டன். பின்னாலை வந்தான்.

"கோவமே? நாளைக்கு வா. உன்னை மட்டும் எழும்ப விட்டு விளையாடுறன்."

"நீ பாவம் பாத்து விடுறதுக்கு நான் என்ன பிச்சைக்காரனே?"

"அப்ப நீயும் பழகன். தோக்கேக்கையும் ஒரு சந்தோசம் இருக்கடா."

தோக்கேக்கை சந்தோசமாம்! உள்ளை இருந்து அந்தப் பிள்ளை "ஐயா, வாறியளே?" எண்டு கூப்பிட, "ஓம், வாறன்" எண்டு ஓடினான். எழுபது தாண்டின வயசிலை ஓட்டம்.

நான் சைக்கிளை நீர்வேலிப் பக்கம் உருட்டத் துவங்கினன். உவன் சொல்லுறது சரியெண்டால், அந்த மண்டபத்துக்கை விளையாடின ஒருத்தரும் ஏன் சிரிக்கேல்லை? என்னைப் பாத்துச் சிரிச்சதோடை சரி.