பதினோரு மணிச் சேமிப்பு

சேரன்மகாதேவியில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள். மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருட வயர்மேன் நான். அந்த வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்த வேண்டும். சுவிட்ச் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

காரணம் என் மகள் கலைச்செல்வி. ஆராய்ச்சி மாணவி. கேலக்ஸியைச் சுற்றியுள்ள வாயு எப்படி உள்ளே விழுகிறது, வெடிக்கும் நட்சத்திரங்கள் அதை எப்படி வெளியே தள்ளுகின்றன, தள்ளியது திரும்பி வருமா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறாள். டீக்கடையில் இதை நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பதினாறு நாளாக வீட்டில் ஓடுகிறது. கடைசியாகச் சேமித்தது திங்கட்கிழமை. அடுத்தது புதன் இரவே வரும் என்று நினைத்திருந்தாள். ஓட்டம் மெதுவாகி வியாழன் காலை பதினோரு மணிக்குத் தள்ளிவிட்டது. அதற்குள் கரண்ட் போனால் மூன்று நாள் ஓட்டம் காலி. சனிக்கிழமை கருத்தரங்குக்கு அனுப்பவேண்டிய படமும் காலி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியோ செத்து இரண்டு மாதம். ஊருக்கெல்லாம் மாற்றிக்கொடுக்கிற நான், என் வீட்டுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன்.

"ஏலே மகேஷு, ரெண்டு மணி நேரம் பொறுப்பமால?"

கம்பத்தில் ஏறக் கயிற்றோடு அடியில் நின்ற என் உதவியாள் மகேஷ் வானத்தைப் பார்த்தான். "ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. வெயிலு ஏறிரும், பரவால்ல, ஏறிக்கிடுதேன்."

மகளுக்குப் பெருமையாகப் போன் போட்டேன். "ஏட்டி, பதினோரு மணி வரைக்கும் நிறுத்த மாட்டேன்."

"மகேஷண்ணன் எங்க நிக்காவ?"

"கம்பத்தடியில."

"வெயிலுக்கு முன்ன அவிய ஏறி எறங்கட்டும்ப்பா. நிறுத்துங்க. மூணு நாளுதான, திரும்ப ஓட்டிக்கிடுதேன்."

"சனிக்கிழமை?"

"இருக்கத அனுப்புதேன். இன்னும் முடியலன்னு எழுதிருதேன்."

அவள் குரலில் கலக்கமே இல்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. என் மகள்! கைப்பிடியை இழுத்தேன்.

மாலை லைன் கொடுத்துவிட்டு, புதுப் பேட்டரியை மகேஷும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனோம். திங்கட்கிழமை விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. கறுப்புத் திரையில், வெளியே எறியப்பட்ட மஞ்சள் வாயு வெகுதூரம் போய் மெலிந்து, ஓர் ஓரத்தில் மட்டும் பைய வளைந்திருந்தது.

"தங்கச்சி, அது திரும்புதா?" என்றான் மகேஷ்.

"அப்படித்தான் தெரியுதுண்ணே. இப்பவே சொல்ல முடியாது."

பேட்டரியைக் கீழே வைக்கத் தோன்றாமல் இரண்டு பேரும் அந்த மஞ்சள் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.