நாற்பது பேருக்குத் தலைவர்

இணைய விளையாட்டொன்றில் நாற்பது பேர் கொண்ட படைக்குச் சுகிர்தாதான் தலைவர். அங்கே அவள் பெயர் ஃபால்கன். புலம்பெயர்ந்து, பார்க்டேல் என்னும் நகரப்பகுதியில் இருக்கும் தமிழ்ப் பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் சொல்லைத் தட்ட ஆளில்லை.

2009 மே மாதம், போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன காலை, வன்னியில் அகப்பட்டிருந்த அவளுடைய அண்ணனின் எண்ணை அம்மா திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, உன்ர கொம்பியூட்டர் ஆக்கள் ஆரும் கொழும்பில இல்லையே? கேட்டுப் பாரன்.”

ஒருவன் இருந்தான், படையில் அவளுக்கு வலக்கை போன்ற நிமால்; சிங்களவன். “எங்கள் நாட்டில் போர் முடிந்தது! இன்று கொண்டாடுவோம், தலைவரே!” என்று அவன் ஏற்கெனவே எழுதியிருந்தான். சுகிர்தா வெகுநேரம் தயங்கினாள். பிறகு தன் பெயரையும் அண்ணனின் பெயரையும் எழுதி, “எந்த முகாமில் இருக்கிறார் என்று விசாரிப்பாயா?” என்று கேட்டாள்.

“நீங்கள் தமிழா?” என்று பதில் வந்தது. அதன்பின் நிமால் வெளியேறிவிட்டான். மூன்று முறை கூப்பிட்டும் அவன் வரவில்லை.

“தலைவரே, ஆட்டத்தைத் தொடங்கலாமா?” என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

அம்மா கதவடியில் வந்து நின்றார். “என்னவாம் பிள்ளை?”

“விசாரிக்கினமாம், அம்மா,” என்றாள் சுகிர்தா.