தூணடியில் வளர்ந்த புற்று

"கரையுது மதினி! பாலை ஊத்த ஊத்தக் கரையுது. பானையோட அடி வெளிய தெரிஞ்சிட்டு..."

பேச்சித்தாய் மதினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பாயில் படுத்திருந்த வள்ளித்தாய் எழுந்து விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"என்ன பானைட்டி? கனாக் கண்டியா?"

"புத்துக்குள்ள இருக்க பானை. நான் கவுத்து வச்சது."

வள்ளித்தாய் அவள் வாயைப் பொத்தினாள். பக்கத்து அறையில் பேச்சித்தாயின் அப்பா சங்கரபாண்டியன் இருமும் சத்தம் கேட்டது.

ஜமீன் போன பிறகு அவர் அரண்மனை வீட்டை மரம் மரமாக விற்றுக்கொண்டிருந்தார். மச்சு முழுக்கக் கடையநல்லூர் மர வியாபாரி ரசூலின் வண்டிகளில் ஏறிப் போய்விட்டது. ஊஞ்சல் தொங்கிய இடத்தில் இப்போது வானம் தெரிந்தது. மிச்சமிருந்தது தேக்குத் தூண்கள் நின்ற பெரிய கூடமும், அதை ஒட்டிய இரண்டு அறைகளும்தான். கூடமும் போனால் அப்பாவும் பேச்சித்தாயும் ராயகிரியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போவது. காய்ச்சலில் இறந்த அண்ணனின் மனைவி வள்ளித்தாய், பனவடலிசத்திரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவது. அப்பா அப்படித்தான் முடிவு செய்திருந்தார்.

தூண்களைத் தோண்ட வந்த அன்று நடுத்தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் புற்று நின்றது. கூலியாள் மூக்காண்டி கடப்பாரையைக் கீழே போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"கோமதி ஆத்தா ஊருல புத்துல கடப்பாரை போட்டா என் வம்சம் வெளங்குமாய்யா?"

"எனக்கு இந்த மரமே வேண்டாம் அண்ணாச்சி" என்றார் ரசூல். "ஒரு சிட்டிகைப் புத்துமண் பிரசாதத்துக்கு ஊரே ஆத்தா கோயில்ல நெருக்கியடிச்சிக்கிட்டு நிக்கு. இத இடிச்சேன்னா அவிய என்னைய இடிச்சிருவாவ."

அப்பாவும் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டிகள் வெறுமனே திரும்பின. தாயில்லாப் பிள்ளை பேச்சித்தாய் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் உருகிப்போனார்கள். ஊருணிக் கரையிலிருந்து பாவாடையில் மண் கட்டிக்கொண்டு வந்து பானைமேல் பூசியவள் அவள்தான் என்று யார் நினைப்பார்கள்?

இன்று சாயங்காலம் புற்றுக்கு ஊற்ற ஆளுக்கொரு செம்பு பாலோடு வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் சரியத் தொடங்கியதும் பேச்சித்தாய் பாய்ந்து மஞ்சள் துணியைச் சுற்றினாள். "ஆத்தாளுக்குச் சேலை உடுத்துதேன்" என்றாள். "பிள்ளைக்கு என்னா பக்தி!" என்றாள் ஒருத்தி.

நாளைக்கு ஆத்தாளுக்கு ஆடித்தபசுத் திருவிழா. கரிவலத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். குடம் குடமாக ஊற்றுவார்கள்.

"ஏன்ட்டி இப்படிச் செஞ்சே?"

"நீங்க போயிருவியன்னுதான்."

வள்ளித்தாய் அவளைக் கட்டிக்கொள்வாள் என்று பேச்சித்தாய் நினைத்திருந்தாள். அவளோ மூலையிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன.

"எங்கண்ணன் என்னைய பாளையங்கோட்டையில டீச்சர் டிரெயினிங் சேக்குதேன்னு சொல்லிருக்கான். மாமா விடல. இந்த வீட்டு மருமவ இந்த வீட்லதான் இருக்கணும்னுட்டாரு. வீடே இல்லன்னா என்ன செய்வாரு? ஒவ்வொரு வண்டி போறப்பவும் நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன் மக்கா. புத்தப் பாத்த அன்னிக்கு, ஆத்தாளே என்னைய போவக்கூடாதுன்னுட்டான்னு விடிய விடிய அழுதேன்."

"ஆத்தா இல்ல மதினி. நாந்தான்."

"இப்பத்தானே சொல்லுத!"

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். துணியை விலக்கியதும் பானையின் அடி கறுப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் புளித்த பால் நாற்றம். பேச்சித்தாய் ஒளித்து வைத்திருந்த சருவச்சட்டியை இழுத்தாள். குழைத்த மண் தயாராக இருந்தது. சுண்ணாம்பும் வைக்கோலும் சேர்த்திருந்தாள். இந்தத் தடவை கரையாது.

பூசினால் கூடம் நிற்கும், மதினியும் நிற்பாள். பூசாவிட்டால் விடிந்ததும் ஊர் முழுக்கப் பானையைப் பார்க்கும். கோமதி பேரைச் சொல்லி ஏமாற்றியவள் என்று அவளைக் காறித் துப்பும். அப்பா யார் முகத்திலும் முழிக்க முடியாது. ரசூல் வண்டி கட்டி வருவார்.

கை நிறைய மண்ணை அள்ளிவிட்டு அப்படியே நின்றாள். விரல் இடுக்கில் சேறு ஒழுகியது.

"பூசட்டுமா, வேண்டாமா மதினி?"