தைஸ்தோ வீட்டு அலமாரியில் தூசி நின்றுபோன கதை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் மேல்மாடிக்காரர். சொன்ன இடம் எங்கள் குடியிருப்பின் பொதுச் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் முறை. அன்று வேறு யாரும் வரவில்லை. சூடான கல்லின்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். முழுக்கக் கேட்டபிறகு, இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. பேரை மட்டும் மாத்திடு."

"என்ன பேரு வைக்கட்டும்?"

"தைஸ்தோன்னு வை. என் மச்சான் பேரு. அவன் எதையும் படிக்கமாட்டான்."

ஆகவே இவர் தைஸ்தோ. மனைவிக்கு ஒர்வோக்கி என்று நானாகப் பெயர் வைத்தேன். ஊர் பின்லாந்தில் இருக்கும் குவோபியோ. அதை மாற்றவில்லை. மாற்றினால் குளிரையும் மாற்றவேண்டி வரும்.

2

முதல் வரிக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன்.

"பிப்ரவரியில் இந்த ஊரில் ஒருவரை ஒருவர் தொட்டால் பொறி பறக்கும், அதனால்…" (அடித்துவிட்டேன். காதல் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.)

"தூசி என்பது காலத்தின்…" (இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.)

"ஆன்டிஸ்டாட்டிக் ஸ்ப்ரே என்பது ஒரு டப்பா." (உண்மைதான். ஆனால் கதை இதற்குமேல் நகரவில்லை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தைஸ்தோ ஒரு காலத்தில் குடிப்பார், நன்றாகவே குடிப்பார். நிறுத்திய அன்று வீட்டில் மிச்சமிருந்த அரைப் புட்டி வோட்காவை அவர் கொட்டவில்லை. கூடத்து அலமாரியின் மேல்தட்டில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்து, "அங்கயே இருக்கட்டும்" என்றார். ஒர்வோக்கி "சரி" என்றார். அதைப்பற்றிக் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்கப்புறம் மகள் பெரியவளாகி, கல்யாணம் ஆகி, ஹெல்சிங்கிக்குப் போய்விட்டாள்.

(முதல் வரைவில் அந்த அலமாரியை நல்ல பழைய மர அலமாரி என்று எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. ஆனால் வெறும் மரத்தில் தூசி இப்படி ஒட்டிக்கொள்ளாது. பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட வெள்ளைப் பலகையாக மாற்றிவிட்டேன். உண்மையிலும் அதுதான்.)

3

சனிக்கிழமைதோறும் ஒர்வோக்கி வீட்டைத் துடைப்பார். அலமாரியில் தட்டுத் தட்டாகத் துணி போகும். புட்டியிடம் வந்ததும் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே புட்டியின் தோளிலும் அதைச் சுற்றியும் தூசி சேர்ந்துகொண்டே வந்தது. யாராவது புட்டியைத் தொட்டிருந்தால் அந்தத் தூசியில் தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் அளவைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கத் தெரியாத குடிகாரர் எந்த நாட்டிலும் கிடையாது. தைஸ்தோவே அந்த வேலையைப் பல தடவை செய்தவர்தான். தூசியைத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

ஒர்வோக்கி ஏன் அங்கே மட்டும் துடைப்பதில்லை என்று தைஸ்தோவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு. அவ தினம் அதைப் பாக்குறா, நான் தொடலன்னு தெரிஞ்சுக்குறா. நான் வாயத் தொறந்து சத்தியம் பண்ண வேண்டிய அவசியமே இல்ல பாரு."

"இதை அவங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?"

சவுனாவுக்குள் கோட்டும் தொப்பியுமாக வந்தவனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

4

பனிச்சறுக்கு விடுமுறைக்கு மகள் வந்தாள், சிர்க்கு என்று பெயர். கையில் அந்த ஆன்டிஸ்டாட்டிக் டப்பா, தூசி ஒட்டாமலிருக்க அடிக்கிற ஸ்ப்ரே. புட்டி எதற்காக அங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தூசி எதற்காக இருக்கிறது என்று தெரியாது. நல்ல பெண், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். இந்தக் கதையில் கெட்டவர் ஒருவர் வேண்டுமே என்று அவளைக் கொஞ்சம் சிடுசிடுப்பாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"அம்மா, மேல்தட்டுல இவ்ளோ தூசியா? நீயா இப்படி?"

ஒர்வோக்கி அடுக்களையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "அது இருக்கட்டும்டி, விட்டுடு."

"தூசியப் போயி யாராவது வளர்ப்பாங்களா? காத்து காய்ஞ்சு கெடக்குல்ல, அதான் வந்து ஒட்டிக்குது. இதைத் துணியில அடிச்சு ஒரே ஒரு தடவ துடைச்சா போதும். அப்புறம் ஒட்டவே ஒட்டாது."

கையில் மாவோடு ஒர்வோக்கி கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேல்தட்டு பளபளத்தது. புட்டியும் பளபளத்தது. சிர்க்கு அதன் லேபிளை முன்பக்கம் திருப்பிக்கூட வைத்திருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் ஒர்வோக்கி. வேறு என்ன சொல்ல முடியும்?

(அறிவியல் படித்த வாசகருக்கு: ஸ்ப்ரே அடித்தால் தூசி விழாமல் போய்விடாது. மின்னேற்றம் இல்லாததால் வந்து ஒட்டுவது குறையும், அவ்வளவே. கொஞ்ச காலத்தில் பழையபடி ஆகிவிடும். அந்தக் கொஞ்ச காலத்தில்தான் இந்தக் கதை நடக்கிறது.)

5

மகள் போனபிறகு வந்த சனிக்கிழமை ஒர்வோக்கி துணியோடு அலமாரி முன்னால் நின்றார். துடைக்கவும் ஒன்றுமில்லை, துடைக்காமல் விடவும் ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியேதான்.

"முன்னெல்லாம் அலமாரியப் பாப்பா. இப்ப என்னையப் பாக்குறா" என்றார் தைஸ்தோ. "நான் சீட்டியடிச்சா பாக்குறா. பேசாம இருந்தாலும் பாக்குறா. தெருப் பனியில கொஞ்சம் வழுக்கிட்டேன், அன்னிக்குப் பூரா பாத்தா."

பிறகு, நான் கேட்காமலேயே, "தொடல" என்றார்.

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளனுக்கு வரவேண்டிய சந்தேகம் எனக்கும் வந்தது. அவர் குடித்துவிட்டார் என்று ஒரு வரைவு எழுதினேன். விறுவிறுப்பாகத்தான் வந்தது. மனைவி மோப்பம் பிடிப்பது, அவர் ஏலக்காய் மெல்லுவது எல்லாம் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். நான் அவரை நம்புகிறேன். அதற்குக் காரணம் எதையும் என்னால் காட்ட முடியாது. எனக்கு அவரைப் பிடிக்கும், அதுதான்.

6

இனி தைஸ்தோ செய்த காரியம். இதை நானாகக் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கம்பளத்தை இந்த ஊரில் வீட்டுக்குள் உதறமாட்டார்கள். முற்றத்தில் அதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது. எந்தக் குளிரிலும் அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டுத்தான் அடிப்பார்கள். தைஸ்தோ, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, நடையில் கிடந்த கந்தல் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாற்காலிமேல் ஏறி நின்றார். மேல்தட்டுக்கு நேராகப் பிடித்து உதறினார். போன தூசியைத் திரும்பக் கொண்டுவருவது அவர் திட்டம்.

தூசி வந்தது. நாற்காலியிலும் விளக்கிலும் தைஸ்தோவின் புருவத்திலும் வந்தது. கம்பளத்தின் ஓரம் பட்டுப் புட்டி ஆடியது. அது விழாமல் தைஸ்தோ கையால் பிடித்தார்.

கதவு திறந்தது.

(இந்த ஊரில் எல்லோரும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் பேசிக்கொள்வார்கள், பாதிரியாரையும் நீதான். இவர்கள் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன்; என் பேச்சில்தான் நீங்கள் வந்துவிடுகிறது.)

"என்ன பண்ற நீ?"

"கம்பளத்த உதறுறேன்."

"வீட்டுக்குள்ளயா?"

"வெளியில குளிரு."

எழுபது வயது வரை குளிருக்காக ஒரு வேலையையும் தள்ளிப்போடாத மனிதர். கையில் புட்டி. இத்தனை வருடமாகத் தொடாதவர், தொட்டதே இல்லை என்று காட்டுவதற்காகத் தொட்டுவிட்டார்.

ஒர்வோக்கி காலணியைக் கழற்றி வைத்தார். துணியை எடுத்து வந்தார். கணவர் கையிலிருந்து புட்டியை வாங்கி, கழுத்து, தோள், அடி எல்லாம் துடைத்தார். திரும்ப மேல்தட்டிலேயே வைத்தார்.

"காப்பி போடட்டுமா?" என்று கேட்டார்.

7

"துடைச்சுட்டா" என்றார் தைஸ்தோ. சவுனாவில் சூடு குறைந்துவிட்டிருந்தது. "இத்தன வருஷத்துல அவ கை அதுமேல பட்டதே இல்ல. இப்பத் துடைச்சுட்டா. அதுக்கு என்னப்பா அர்த்தம்? நீதான எழுதுறவன், சொல்லு."

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) எனக்கு இனிமேல் சாட்சி வேண்டாம், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம்.

(ஆ) தூசியைக்கூடப் பொய்யாகக் கொண்டுவருகிறவனை இனி என்னவென்று பார்ப்பது, எப்படியோ போ என்று அர்த்தம்.

இரண்டுக்கும் அந்த ஒரே துணி, அந்த ஒரே காப்பி. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"அவங்களையே கேட்டுடுங்களேன்" என்றேன்.

"நான் கேட்டா, குடிச்சியான்னு அவ என்னையத் திருப்பிக் கேப்பா."

"கேக்கட்டுமே. உங்ககிட்டதான் பதில் இருக்கே."

அவர் கரண்டியை எடுத்தார். தண்ணீரில் முக்கி, கல்லில் ஊற்றாமல் திரும்ப வாளியிலேயே வைத்தார்.

"நான் சொல்லி, அவ நம்பலன்னா?"



8

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் அவர்கள் பேசிவிட்டார்கள் என்று எனக்கு நிம்மதி வந்துவிடும். என் தலைக்குமேல், மேல்மாடியில், அவர்கள் இன்னும் பேசவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நாற்காலி இழுபடுகிறது, யாரோ நடக்கிறார்கள், பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இதோ இடம் விட்டிருக்கிறேன்.

"…………………………?"

கேட்பது அவரா, அந்த அம்மாவா, அது உங்கள் இஷ்டம். நம்புவதும் நம்பாததும்கூட உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கேள்வி வந்தபிறகு, காப்பி போடுகிறேன் என்று இரண்டு பேரில் ஒருவரையும் எழுந்துபோக விடாதீர்கள்.