சர்க்கரை டோனட்டும் இரண்டு டிஸ்க் பேக்குகளும்

"கீச்சுன்னு சத்தம் கேட்டா டிரைவை நிறுத்து. பேக்கை இடம் மாத்தாதே. வேற பேக்கை அதுல போடாதே. என்னைக் கூப்பிடு. புரிஞ்சுதா அர்டிஸ்?" என்று மேலாளர் ஹாக்லண்ட் முதல் நாளே சொன்னார்.

"புரிஞ்சுது சார்" என்று தலையாட்டினேன்.

1974-ல், மினசோட்டாவில் ஒரு விவசாயக் கல்லூரியின் கணினி அறை அது. துணி துவைக்கும் மெஷின் உயரத்தில் மூன்று டிரைவுகள். தகவல் பதிந்த தட்டுகளை அடுக்கி வைத்த டிஸ்க் பேக்கை, கேக் டப்பா போன்ற மூடியோடு தூக்கி வந்து உள்ளே இறக்கித் திருகுவோம். அந்தத் தகவலைப் படிக்கும் டிரைவின் தலைகள் தட்டைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் மிதக்கும். தொட்டால் தட்டும் போச்சு, தலையும் போச்சு.

அன்று, கல்லூரியில் ஆப்பிள் ஆராய்ச்சி செய்யும் லெனோர் க்வாமின் பேக் இரண்டாம் டிரைவில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆப்பிள் மரங்களின் பதினொரு வருஷக் கணக்கு: எந்தக் கன்று எந்தக் குளிரைத் தாங்கியது, எவ்வளவு வளர்ந்தது, எது செத்தது. என்னோடு வேலை பார்த்த வெர்லின் காகிதம் எடுக்கக் கீழே போயிருந்தான்.

கீச்சென்றது.

லெனோர் அறிக்கைக்குக் காத்திருந்தாள். டிரைவில்தான் கோளாறு என்று நினைத்துப் பேக்கைத் தூக்கி மூன்றாம் டிரைவில் போட்டேன். அங்கேயும் கீச்சு. அப்படியானால் பேக்தான் கெட்டது என்று அதே கணக்கின் பிரதி இருந்த இன்னொரு பேக்கை எடுத்து வந்து இரண்டாம் டிரைவில் இறக்கினேன். முதல் கீச்சிலேயே அடிபட்டிருந்த தலைகள் அதையும் சுரண்டித் தின்றன.

ஹாக்லண்ட் ஓடி வந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"ரெண்டையும் போட்டுப் பிரதி எடுத்துட்டிருந்தேன் சார். ரெண்டுமே திடீர்னு..."

அவர் கண் இரண்டாம் டிரைவ் மேல் நின்றது. அங்கே பாதி கடித்த டோனட், சுற்றிலும் வெள்ளைச் சர்க்கரைப் பொடி.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்" என்றான் அப்போதுதான் உள்ளே வந்த வெர்லின்.

முதல் கீச்சு அந்தச் சர்க்கரையால் வந்திருக்கலாம். மற்ற இரண்டும் என்னால் வந்தவை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெர்லினை விசாரிப்பதாக முடிவாயிற்று. வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"வாயால கெட்டேன் அர்டிஸ். பேசிக் கெடல, தின்னு கெட்டேன்" என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லெனோரின் அறைக்குப் போனேன். மேஜையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை பார் இனிப்பு.

"வெர்லினுக்குச் செஞ்சேன். பாவம், ஒரு டோனட்டுக்கு இவ்வளவு பாடு. நீ ஒண்ணு எடுத்துக்கோ."

"வேண்டாங்க. கணக்கை முதல்ல துளை போட்டு வெச்ச அந்த அட்டையெல்லாம்... எங்கயாவது மிச்சம் இருக்கா?"

"நீதானே போன வசந்தத்துல சொன்னே? 'பேக்ல ரெண்டு பிரதி இருக்கு, ஈரம் புடிச்ச அட்டையை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க'ன்னு. தூக்கிப் போட்டாச்சு."

"மரங்களை மறுபடி அளந்தா?"

"மூணாம் வருஷம் எவ்வளவு உசரம் இருந்தேன்னு மரம் ஞாபகம் வெச்சிருக்குமா, சொல்லு?"

நடந்ததைச் சொன்னேன். மூன்று கீச்சுகளையும் வரிசையாக. சொன்ன பொய்யையும்.

லெனோர் தட்டை மூடியால் மூடினாள்.

"பிரதி தப்பிச்சிருக்கும், இல்ல? நீ கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா."

"ஆமா."

"வெர்லினுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்றே? எனக்குப் போனது போயாச்சு. நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னா உனக்கு லேசாயிடும், அதானே?"

அவள் சொன்னது சரி.

"மணி என்ன?"

"மூணாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"அப்புறம் இங்க என்ன நிக்கறே?"

ஹாக்லண்டின் அறைக்கு வெளியே பெஞ்சில் வெர்லின் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கோட்டு, அவன் அண்ணனுடைய டை.

"கோணலா இருக்கா, பாரு" என்றான்.

"இருக்கு. கழட்டிடு. நீ உள்ள போக வேண்டாம்."

"ஏய், என்னாச்சு உனக்கு?"

கதவைத் தட்டினேன்.