சொந்த வண்டி உள்ளே போகாத இடம்

ஏற்காடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஊட்டி இருக்கிறது. தமிழ்ச்செல்வி என்னவோ போனால் பந்திப்பூர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். புலி பார்க்க அவளுக்கு அப்படியொன்றும் ஆசை இல்லை. அந்தக் காட்டுக்குள் சொந்த வண்டியில் சுற்ற விடமாட்டார்கள், அவர்கள் வண்டியில்தான் ஏற வேண்டும் என்று போனில் படித்திருந்தாள். அது போதாதா அவளுக்கு?

அவள் புருஷன் சென்னியப்பன் மோகனூரில் சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவன். கல்யாணமான நாளிலிருந்து குடும்பத்தோடு எங்கே போனாலும் ஸ்டியரிங் அவன் கையில்தான். முன்சீட்டுக்குச் சொந்தக்காரர்கள் போட்டி போடுவார்கள். அவள் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவன் பிடரியைப் பார்த்தபடியே பழனிக்கும் போனாள், கொல்லிமலைக்கும் போனாள். கோயில் வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு அவன் வண்டியோடு நின்றுகொள்வான். ஒரே ஒரு தடவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போக வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பான் என்று சொன்னதில்லை.

பிள்ளைகள் இரண்டும் இப்போது ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி டம்ளரோடு சென்னியப்பன் திட்டம் போட உட்கார்ந்தான். அவனிடம் வழி கேட்பது கரும்பு தின்னக் கூலி கொடுப்பது போல.

"ஈரோடு, சத்தி, திம்பம். திம்பத்துல ராத்திரி வண்டி உடமாட்டான். வெடியால கேட்டுத் தொறக்கறப்ப நாம பண்ணாரில நிக்கோணும். ஆசனூர்ல டிபன். அப்பறம் சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர்."

டீசல் எங்கே போடுவது, நல்ல பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்று லோடு ஏற்றிப் போகிறவன் மாதிரி அடுக்கிக்கொண்டே போனான். அவளுக்கு அதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

"அங்கிருந்து உள்ளங்க?"

"உள்ள என்ன, நேரா உட வேண்டியதுதான். அந்த ரோட்டுல எத்தனை லோடு அடிச்சிருக்கறேன்."

"ரோட்டுல போலாங்க. காட்டுக்குள்ள நம்ம வண்டி ஆகாதுங்க. அவங்க வண்டிதான். டிக்கெட்டு முன்னாடியே போடோணும்."

போனை நீட்டினாள். படித்து முடித்ததும் அவன் முகம் தொங்கிப்போனது. அடுத்தவன் ஓட்டும் வண்டியில் ஏறுவது அவனுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

"அப்ப உனக்கு ஒரு டிக்கெட்டுப் போட்டர்றேன். நீ போய் நல்லாச் சுத்திப் பாத்துட்டு வா. நான் கேட்டுல வண்டிகிட்ட இருக்கறேன்."

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. தமிழ்ச்செல்விக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"நான் ஒண்டியாப் போய் மானைப் பாத்து என்னங்க பண்ண? உங்க பக்கத்துல உக்காந்து போகோணும்னுதானுங்க இந்த எடத்தையே சொன்னேன். கண்ணாலம் ஆனதுல இருந்து உங்க பொடனியவே பாத்துட்டு வாரேன்."

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் சிரிக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன புள்ள?"

போனை மறுபடி எடுத்து, எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் இரண்டு என்று போட்டான்.

"ஆனா ஒண்ணு. டிரைவர் பக்கத்துல மட்டும் வேண்டாம். அவன் கியர் போடறதப் பாத்தா எனக்கு வாய் சும்மா இருக்காது, உன்னைக் கவனிக்க மாட்டேன். நாம கடைசி சீட்டுக்குப் போயரலாம்."